பாதிரியார் எழுதிய மனுக்கள்

பாதிரிமாரின் அன்றாட வாழ்வென்றால் ஜெபமும் பிரசங்கமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1890-களில் செங்கற்பட்டுச் சீமையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவோ, நம் முன்னோருக்குத் தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து மனு செய்வதையும் ஊழியமாகவே கொண்டார். தரிசின்மீதும் மிராசுதாரர் முன்னுரிமை கோரிய காலம் அது. மனுக்கள் எளிதிற் பலிக்கவில்லை. ஞானஸ்நானத்தை எதிர்நோக்கியே உதவினர் என்பாருமுண்டு. அதனை நாம் முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும் சேரியில் எழுத்தறிந்தார் அரியராயிருந்த அந்நாளில், நம்மவர் கேட்கத் துணிந்ததை எழுத்தில் வடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. 1891-இல் கலெக்டர் டிரெமன்ஹீர் நம் மக்களின் அவலநிலை குறித்து அரசுக்கு அறிக்கை விடுத்தார். 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த மேல்ரோசாபுரம், ஆண்ட்ரூ நம்மவர்க்கென அமைத்த குடியிருப்பேயாகும்.