பள்ளி பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? பின்னால் நடப்பது இதுதான்

ஆசிரியர் அறை, அலுவலகம், கணினி அறை என மூன்று இடங்களுக்கும் ஒரே பிரிண்டர். எல்லாருக்கும் அவசரமான தேர்வு வாரத்தில்தான் அது ‘ஆஃப்லைன்’ என்று சொல்லும். ஏன் இப்படி?

ஜொகூரில் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, மாணவர்களை மதிப்பிடும் வேலையில் பெரும்பகுதி பள்ளிக்குள்ளேயே நடக்கிறது. அதாவது, அச்சு வேலையும் அங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மாணவர்கள், 6 பாடங்கள், பாடத்துக்கு 8 பக்கம் என்றால் 1,440 பக்கம். ஒரே ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய மூன்று ரீம் தாள். இருபக்கமும் அச்சிட்டால் பாதி போதும்.

சரி, ‘ஆஃப்லைன்’ விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் பிரிண்டர் கெட்டுப்போயிருக்காது. அதன் முகவரிதான் மாறியிருக்கும். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் ஐ.பி. எண்ணைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. பள்ளி விடுமுறை முடிந்து பிரிண்டரை ஆன் பண்ணும்போது வேறு எண் கிடைக்கலாம். ஆனால் ஆசிரியரின் கணினி பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். வீடு மாறிப்போன நண்பரின் பழைய கதவைத் தட்டுவது மாதிரி. ரௌட்டர் அமைப்பில் அந்த பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அப்படியும் தீரவில்லையா? விண்டோஸில் பிரிண்டரின் போர்ட் அமைப்பைத் திறந்து, ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் பிரிண்டரையே விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்.என்.எம்.பி. என்பது நெட்வொர்க் கருவிகளிடம் நலம் விசாரிக்கும் மொழி, 1988-இல் வந்தது. எத்தனை பக்கம் அச்சானது, டோனர் எவ்வளவு மிச்சம், தாள் எங்கே சிக்கியது என்று பிரிண்டர் இதன்வழி பதில் சொல்லும். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். பிரிண்டரின் ஐ.பி. எண்ணை பிரவுசரில் தட்டினால், பெரும்பாலான மாடல்களில் இதே தகவல்கள் ஒரு பக்கமாகத் திறக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கக் கணக்கைக் குறித்து வைத்தாலே, டோனர் எப்போது தீரும் என்பது பிடிபட்டுவிடும்.

அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. பலரும் மறப்பது இதைத்தான். 2018 நவம்பரில், இணையத்தில் திறந்தபடி கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில், பியூடிபை என்ற யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் துண்டறிக்கையை ஒருவர் அச்சாக வைத்தார். 9100 என்ற போர்ட் வெளியே தெரிந்ததுதான் வழி. அது விளையாட்டாகப் போனது. 2023-இல் நடந்தது அப்படியில்லை. பல பள்ளிகள் பயன்படுத்தும் பேப்பர்கட் என்ற அச்சு மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ரேன்சம்வேர் கும்பல்கள் நுழைந்தன. கல்வி நிலையங்கள் குறிவைக்கப்படுவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்த மே மாதம் எச்சரித்தது. அதனால் பிரிண்டர் பள்ளிக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் மட்டும் தெரிந்தால் போதும். மென்பொருள் அப்டேட்டையும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வித்தாளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பின் எண்ணை பிரிண்டரில் தட்டிய பிறகே தாள் வெளிவரும்படி அமைக்கலாம். தட்டில் கிடக்கும் கேள்வித்தாளை மாணவர் கண்ணில் படவிடாமல் காக்க, இதைவிட மலிவான வழி இல்லை என்றே சொல்லலாம்.

ஜொகூர் பள்ளிகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 2025 ஜனவரி 1 முதல் மாநிலத்தின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பிரிண்டர் தானாக அணையும் நேரத்தைப் பழைய வெள்ளி, சனி கணக்கில் யாராவது அமைத்திருந்தால், இப்போது வெள்ளிக்கிழமை காலையில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வாடகைக்கு எடுத்த போட்டோஸ்டேட் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது, உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். நகலெடுத்த பிறப்புச் சான்றிதழ்களும் மாணவர் பதிவுகளும் அதில் தங்கியிருக்கலாம். அழித்துவிட்டதை எழுத்தில் வாங்கிய பிறகே மெஷினை லாரியில் ஏற்ற விடுங்கள்.