ஜினீவாவுக்குப் போகாத சாளரம்

டப்ளின் நகரத்தில் தேவாலய அலங்கார வேலைகள் செய்துவந்த ஜோஷுவா கிளார்க்கின் குமாரனாக 1889ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி பிறந்த ஹாரி கிளார்க், தந்தையின் பட்டறையில் தொழில் பழகி, கலாசாலையின் இரவு வகுப்புகளில் ஆல்பிரட் சைல்டு என்ற ஆசானிடம் வர்ணக் கண்ணாடிக் கலையைக் கற்றுத் தேர்ந்தார். கார்க் நகரத்து ஹோனன் ஆலயத்துக்கு 1915 முதல் 1917 வரை அவர் செய்துகொடுத்த 11 சாளரங்கள் அவருடைய கீர்த்தியை ஸ்திரமாக்கின.

அவருடைய வேலையின் மர்மம் பெரும்பாலும் அமிலத்தில் இருந்தது. வெண்கண்ணாடியின்மேல் சிவப்போ நீலமோ மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும் துண்டை எடுத்து, நிறம் நிலைக்கவேண்டிய இடங்களை மெழுகால் மூடி, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் இட்டால், மூடாத இடங்களில் அந்த ஏடு மெள்ள மெள்ளக் கரைந்து, ஒரே துண்டிலேயே கருஞ்சிவப்பிலிருந்து தூய வெண்மை வரையில் பல சாயல்கள் பிறக்கும். இவ்வாறு அரித்த சிவப்புத் துண்டையும் நீலத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, வெயில் ஊடுருவும்போது இரண்டும் கலந்து தோன்றும் ஊதா நிறத்தை அவர் வரவழைத்த திறமை, தூரிகை பிடித்த ஓவியர்களுக்கும் எளிதில் வாய்க்காதது என்றே நான் கருதுகிறேன்.

ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்துக்குக் காணிக்கையாக ஒரு சாளரம் செய்யும்படி ஐரிஷ் சுதந்திர அரசாங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. க்ஷயரோகத்தால் உடல் நலிந்துகொண்டிருந்த நிலையிலும், ஷா, யேட்ஸ், சிங், ஜாய்ஸ் முதலான 15 ஐரிஷ் எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து காட்சிகளைத் தேர்ந்து, 1930இல் அதை அவர் முடித்தார். லியாம் ஓஃப்ளாஹர்ட்டியின் நாவலிலிருந்து எடுத்த ஒரு காட்சியில், மதுவருந்தும் மனிதன் முன்னே மெல்லிய ஆடையுடன் ஒரு பெண் நடனமாடுவதைக் கண்ட அரசாங்கத்தார், அது பலருக்கு மனவருத்தம் தரும் என்று தயங்கிச் சாளரத்தை அனுப்பாமலே நிறுத்திவிட்டார்கள். தன் தேசத்தின் இலக்கியத்தை உலகத்தார் முன் வைக்க விரும்பிய ஓர் அரசு, அந்த இலக்கியத்தைக் கண்டே அஞ்சியது பெரிய அநியாயம்.

1931 ஜனவரி 6ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில், 41ஆம் வயதில் கிளார்க் காலமானார். பின்னர் அவர் மனைவியும் ஓவியருமான மார்கரெட், அரசாங்கத்திடமிருந்து அந்தச் சாளரத்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். இன்று அது ஜினீவாவிலும் இல்லை, டப்ளினிலும் இல்லை. அமெரிக்காவில், மயாமி பீச் நகரத்து வுல்ஃப்சோனியன் மியூஸியத்தில் இருக்கிறது.