பால்மரக் காட்டில் பெண்களின் பொழுது

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலையும் கங்காணியையும் கூலிக் கணக்கையும் பற்றியே எழுதியுள்ளனர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால், தோட்டத்துச் செக்ரோலில் ‘பெண்ணாள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போன இளம்பெண்கள் வேலை முடிந்தபின் எங்கே கூடினார்கள், எதைப் பேசிச் சிரித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதை நம் நூல்களில் மிகக் குறைவாகவே காண்கிறோம். தோட்டத்துக்கே உரியதாக இருந்த ஒரு நாளில், அவர்களுக்கென்று சொந்தப் பொழுது இருந்ததா? இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன். என் அப்பாயி குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பதினான்கு வயதில் உளி பிடித்தவர். அவர் வாய்மொழியும் எனக்கு ஒரு சான்றாகும்.

வந்தவரும் நிலைத்தவரும்

ஜொகூர், கூட்டுச் சேராத மலாய் மாநிலங்களுள் ஒன்று. 1909இல் இருப்புப்பாதை மாநிலத்தின் ஊடே ஓடத் தொடங்கிய பிறகு, சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய ஊர்களைச் சுற்றி இரப்பர்க் காடுகள் பெருகின. 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி, தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் அயலாரையும் திரட்டி வந்தார். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இவ்வாறு ஆட்கள் வந்துகொண்டிருந்தனர்.

முதலில் வந்தோருள் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, மலாயாவிலிருந்த இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இந்நாட்டிலேயே பிறந்தவர் அன்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. 1947ஆம் ஆண்டுக் கணக்கிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மண்ணிற் பிறந்தவர்கள். பதினாறு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்திற்குப் புதிய வரவு நின்றது ஒரு காரணம். பெண்கள் இங்கே குடும்பம் நடத்தி வேரூன்றியது மற்றொரு காரணம். வந்து போகும் கூலிகளின் கூட்டம் ஓர் ஊராக மாறியது அவர்களால்தான் என்பதில் ஐயமில்லை.

தோட்டத்தின் பொழுது

விடியுமுன் மணி ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கைக்குழந்தை உள்ளவள் அதனை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். இருட்டோடு இருட்டாகக் காட்டில் இறங்குவதற்கும் காரணம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறைந்துவிடும். முந்நூறு முதல் ஐந்நூறு மரங்கள் வரை ஒருவர் பொறுப்பில் இருக்கும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி ஆழமாகப் பட்டால் மரம் புண்ணாகும், வெட்டியவர் வசை கேட்பார். பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துணி கட்டி, இடுப்பில் கொசுவுக்காகப் புகையும் துணித்திரியைச் செருகிக்கொண்டு பெண்கள் நிரைக்குள் நுழைவார்கள். வெட்டி முடித்தபின் பசியாறிவிட்டு, மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கழியில் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து சென்று நிறுவைக்குக் கொடுப்பார்கள்.

ஆண் வெட்டிய மரமும் பெண் வெட்டிய மரமும் ஒரே அளவு பாலைத்தான் தந்தன. ஆயினும் 1920களின் இறுதியில் கூட்டுச் சேர்ந்த மாநிலங்களின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட தரக் கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே, ஒரு பெண் வீட்டில் தங்கினால் நட்டம் அவளுக்கு மட்டுமன்று, கங்காணிக்கும்தான். உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தவளை எழுப்ப லயத்து வாசலுக்கு ஆள் வந்ததன் காரணம் இதுவே.

அவர்களின் பொழுது

இத்தகைய நாளில் மிஞ்சியவை சில நாழிகைகளே. அவற்றைக் கொண்டு அப்பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைக் காண்போம்.

முதலாவது, நிரை. அடுத்தடுத்த நிரைகளில் வெட்டும் தோழியர் ஒருவரையொருவர் காண முடியாது. குரல் மட்டும் கேட்கும். ஒருத்தி பாட்டெடுத்தால் மற்றவள் அப்பால் நின்று தொடுப்பாள். புலிக்கும் பாம்புக்கும் அஞ்சிய அந்தக் காட்டில், துணை இருக்கிறது என்பதற்கு அப்பாட்டே அடையாளம். கங்காணியைக் கேலி செய்யும் பாட்டுகளும் இருந்தன; அவர் தொலைவில் வருவதை அறிவிக்கும் கூவலும் இருந்தது.

இரண்டாவது, குழாயடி. லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயில் மாலைநேரத்தில் வாளிகள் வரிசையாக நிற்கும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் கூலி கூடியிருக்கிறது, யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது என்ற செய்திகளெல்லாம் அங்கேதான் பரவின. எழுத்தறியாத பெண்களுக்குச் செய்தித்தாளாக இருந்தது குழாயடியே எனலாம்.

மூன்றாவது, கூட்டு. மாதந்தோறும் சம்பளத்தில் சிறு தொகையைப் பத்துப் பேர் ஒருத்தியிடம் சேர்ப்பார்கள். முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பார். கணக்கு முழுவதும் நினைவில்தான். என் அப்பாயி திருமணத்துக்கு முன்பே ஒரு கூட்டு எடுத்துத் தோடு வாங்கியதை எண்பது வயதிலும் பெருமையாகச் சொல்வார். தந்தையின் கையையும் கங்காணியின் கையையும் கடந்து, ஒரு பெண்ணின் உழைப்பு அவள் காதிலேயே வந்து தங்கியது அந்த வழியில்தான். கூட்டு நடத்துவதை வணிகமாக்கி ஏமாற்றுவோர் பெருகியமையால் 1971இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் வந்தது வேறு கதை.

நான்காவது, மாரியம்மன் கோயில். ஆண்டுத் திருவிழாவின்போது கும்மியும் கோலாட்டமும் பழகுவதற்காக இளம்பெண்கள் இரவில் கூடலாம், பெரியவர்கள் தடுக்கமாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து உறவினர் வருவர். பல சம்பந்தங்கள் அங்கே பேசி முடிக்கப்பட்டன. சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் கடைவீதிக்குச் செல்லும் பயணமும், கடனுக்குச் சேலை விற்க மிதிவண்டியில் வரும் துணிக்காரரின் வருகையும் சிறிய திருவிழாக்களே.

ஐந்தாவது, மழை. ஈரப்பட்டையில் பால் வெட்ட முடியாது. வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூரை நனைக்கும் ஆண்டிறுதி மாதங்களில் பல நாள் வேலை நின்றுவிடும். அன்று பல்லாங்குழி, தாயம், கதை, ஒருவர் தலையை ஒருவர் வாரிப் பின்னுதல் என்று பொழுது இனிதே கழியும். ஆனால் வேலையில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. “மழை வந்தால் சிரிப்போம், மாதக் கடைசியில் அழுவோம்” என்பார் அப்பாயி. அப்பெண்கள் ஓய்வுக்குக் கொடுத்த விலையை இதனினும் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை.

அச்சமும் காவலும்

பெண் குறைந்த இடத்தில் பெண்ணுக்கு மதிப்பு மிகும் என்று நாம் எண்ணக்கூடும். மிகுந்தது காவல்தான். மஞ்சள் நீராட்டு முடிந்த பெண் தனியே நடமாடக்கூடாது. விரைவில் மணம் முடித்துவிடுவதே பாதுகாப்பு என்று பெற்றோர் கருதினர். கோயிலில் தாலி கட்டுவதோடு திருமணம் நிறைவுற்றது. பதிவு என்பது அரிது. எல்லா இந்துத் திருமணங்களும் பதிவு பெற வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை, கைவிடப்பட்ட பெண்ணிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இருப்பதில்லை.

காவலுக்குக் காரணமான அச்சம் வெறுங்கற்பனையன்று. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியில் செல்லும் உரிமை என்பவற்றோடு, தங்கள் பெண்களுக்குத் தோட்ட அதிகாரிகளால் நேரும் தொல்லை ஒழிய வேண்டும் என்பதும் இடம்பெற்றது. லயத்துக்குள் முணுமுணுக்கப்பட்ட ஒன்று அன்றுதான் எழுத்தில் ஏறி மேலிடத்துக்குச் சென்றது.

போரும் முள்வேலியும்

சப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தமிழ் ஆண்கள் சயாம் இருப்புப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். லயங்களில் பெண்களும் முதியோரும் எஞ்சினர். அந்நாளில்தான், 1943 அக்டோபர் 22இல், மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. இந்தியாவையே கண்டிராத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். நாட்டுப்பற்றே அவர்களை ஈர்த்தது என்பர். அதனோடு, லயத்துக் காவலுக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும் என்பது என் கருத்து.

போர் முடிந்து அமைதி திரும்பவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். பிரிக்ஸ் திட்டம் 1950 சூன் முதல் நாளன்று ஜொகூரில்தான் தொடங்கப்பெற்றது. தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. காட்டிலுள்ளோர்க்கு உணவு போய்விடும் என்று, வேலைக்குச் செல்வோர் சோறு கொண்டுபோவது கடும் கட்டுப்பாடு உள்ள பகுதிகளில் தடுக்கப்பட்டது. வாயிலில் பெண்களையும் சோதித்தனர். பசியாறும் வேளையில் மரநிழலில் வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துண்ட பழக்கம் அங்கெல்லாம் முறிந்தது.

பள்ளியின் கடன்

ஆசிரியராகிய நாம் சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கூட்டுச் சேர்ந்த மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைத் தந்தது. பெண்பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தவில்லை. பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால், இரண்டாம் மூன்றாம் வகுப்போடு பெண்களின் பெயர்கள் நின்றுபோவதைக் காணலாம். என் பெரிய அத்தை அவ்வாறு நின்றவர். தம்பியை இடுப்பில் சுமப்பதற்காகப் பத்து வயதில் பலகையைக் கீழே வைத்தார். அந்தத் தம்பியே என் தந்தை. அவர் படித்தார், நானும் படித்து, பயிற்சி பெற்று, தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தேன். அத்தை கடைசிவரை கைநாட்டுத்தான் வைத்தார். அக்கடன் என்னால் தீர்க்கக்கூடியதன்று. எழுதிவைக்க மட்டுமே முடியும்.

இன்று இரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன, பல தோட்டப் பள்ளிகள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. நிரை, மங்கு, காண்டா, பெரட்டு என்னும் சொற்கள் நம் மாணவர்க்கு விளங்குவதில்லை. ஆயினும் அவற்றைச் சொல்லத்தக்க பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியப் பெருமக்கள் தத்தம் வகுப்பில், “உன் பாட்டி சிறுவயதில் வேலை முடிந்தபின் என்ன செய்வார்?” என்று ஒரு கட்டுரைப் பயிற்சி தரலாம். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று கேட்கட்டும். அவர்கள் கொண்டுவரும் விடைகளைத் தேதியும் ஊரும் குறித்துப் பள்ளியில் பாதுகாத்து வைப்போம். செக்ரோல் குறிக்காமல் விட்ட நாழிகைகளை நிரப்ப அந்த ஏடுகளே உதவும்.