நோன்பு மாலையில் நல்லுணவு தேடி: பாலக்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

திருச்சிராப்பள்ளி முஸ்லிம்களுக்கு ரமளான் மாதம் இரட்டைச் சிறப்புடையது. உலகெங்கும் உள்ள முஸ்லிம்களைப் போல நோன்பு நோற்று, குர்ஆன் ஓதி, தராவீஹ் தொழுது இம்மாதத்தைக் கழிக்கிறோம். அதே மாதத்தில்தான் நம் நகரத்தின் நத்தர்ஷா பள்ளிவாசலில் தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் கந்தூரியும் வருகிறது. சந்தனக்கூட்டைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்கின்றனர். அஸர் தொழுகை முடிந்ததும் மதுரை ரோடு, பாலக்கரை, பீமநகர், காந்தி மார்க்கெட் எனத் தெருவெல்லாம் எண்ணெய்ச் சட்டிகள் ஏறிவிடும். அந்த நெரிசலில் குடும்பத்தோடு நிற்கும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை கடைகளுள் நல்ல உணவு எது?

கடைப்பெயர்ப் பட்டியலால் இக்கேள்விக்கு விடை கூறிவிட இயலாது. கடைகள் ஆண்டுதோறும் மாறுவன. நம் தட்டில் வந்து விழும் பண்டம் எங்கிருந்து வந்தது, யார் கையால் வளர்ந்தது, எதற்காக நம்மிடம் நிலைத்தது என்பதை அறிந்தால் நல்லதையும் அல்லாததையும் நாமே பிரித்தறியலாம்.

நத்ஹர் வலி (ரஹ்) அவர்கள் அரச வாழ்வைத் துறந்து கலந்தர்கள் பலரோடு இந்நகருக்கு வந்தார்கள் என்றும், கி.பி. 11ஆம் நூற்றாண்டில் இங்கேயே மறைந்தார்கள் என்றும் மரபு கூறுகிறது. பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபுகள் இந்நகரையே 'நத்ஹர் நகர்' என்று அழைத்தனர். 1795இல் சென்னையில் காலமான நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் உடல் இங்குக் கொண்டுவரப்பட்டே அடக்கம் செய்யப்பட்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் குடும்பங்களும், உருது பேசும் தக்கணி குடும்பங்களும் இந்நகரில் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. அதனால் இங்குள்ள நோன்பு மாலைகளில் தேங்காய்ப்பால் மணமும் நெய் மணமும் ஒன்றாகவே வீசுகின்றன.

ஒன்றை மறந்துவிடலாகாது. நத்ஹர் வலி (ரஹ்) காலத்துத் திருச்சிராப்பள்ளி அடுப்பில் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த இவை, போர்த்துக்கீசியர் இந்தியக் கடற்கரைக்கு வந்த பின்னரே நம் நாட்டில் பரவின. அதற்கு முன் நம் உணவுக்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும்தான். ஆகவே, 'பழைமை மாறாத உணவு' என்று எந்தக் கடைப் பலகையாவது கூறினால், எந்தக் காலத்துப் பழைமை என்று கேட்டுக்கொள்வது தகும்.

அவ்வாறு கேட்டுப் பார்த்தால் நம் நோன்புக் கஞ்சிக்கு முதலிடம் கொடுக்கத் தோன்றுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், புதினா, மல்லி, வசதிக்கேற்பக் கொத்துக்கறி. இவ்வளவே அதன் பொருள்கள். வெறும் வயிற்றுக்கு ஊறு செய்யாத இளக்கமும், பகலெல்லாம் நீரின்றி இருந்த உடலுக்கு வேண்டிய நீரும், வெந்தயத்தின் குளிர்ச்சியும் அதில் ஒருங்கே உள்ளன. ஆங்கிலேயர் 'காஞ்சி' என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்ட சொல்லும் நம் தமிழ்க் கஞ்சியிலிருந்து பிறந்ததே. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் இக்கஞ்சியையும் உடன் கொண்டுசென்றனர். இன்றும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளியிலும் பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளியிலும் ரமளான் மாலைகளில் கஞ்சி வழங்கப்படுகிறது. தமிழக அரசு 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ரமளானிலும் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென அரிசி வழங்கி வருகிறது.

இக்கஞ்சிக்கு விலை இல்லை. ஜமாஅத்தாரின் நன்கொடையில் தேக்சா ஏறுகிறது; வரிசையில் நிற்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. தூக்குவாளியோடு வரும் சிறுவர்களுள் பிற சமயத்து அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். நகரத்தில் நல்லுணவு தேடி அலைவோர் முதலில் அடைய வேண்டிய இடம் தம் முஹல்லாப் பள்ளிவாசலின் கஞ்சிக் கொட்டகையே.

அடுத்தது சமோசா. பாரசீகத்தில் 'சன்போசக்' என வழங்கிய இப்பண்டம் அரபு நாட்டில் 'சன்பூசஜ்' ஆகி, பக்தாதின் இடைக்காலச் சமையல் நூல்களில் இடம்பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் விருந்தைக் கண்ட பயணி இப்னு பதூதா, கொத்திய இறைச்சியோடு வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலா சேர்த்து மெல்லிய மாவுத்தகட்டில் பொதிந்து நெய்யில் பொரித்த பண்டமாக அதை வருணிக்கிறார். அதே இப்னு பதூதா பின்னர் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்து சென்றவர். அவர் கண்ட சமோசாவில் உருளைக்கிழங்கு இருந்திருக்க வழியில்லை. அரசவையில் வாதுமையோடு பரிமாறப்பட்ட பண்டம் இன்று பாலக்கரைத் தெருவில் வெங்காயத்தோடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரசர் தட்டிலிருந்து ஏழையின் கைக்கு இறங்கி வந்த பண்டங்களுள் இதுவும் ஒன்று.

ரொட்டியில் இறைச்சியை வைத்து மடித்துத் தின்னும் வழக்கமும் மிகப் பழையது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில், இறைச்சியையும் கீரைகளையும் மெல்லிய ரொட்டியில் சுருட்டித் துண்டுகளாக நறுக்கும் 'பஸ்மாவர்த்' என்னும் உணவு இடம்பெறுகிறது. அரபு மொழியில் 'முதப்பக்' என்றால் மடிக்கப்பட்டது என்று பொருள். அச்சொல்லே கடல் கடந்து 'முர்தபா' ஆயிற்று. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடந்துவரும் 'ஜம் ஜம்' உணவகம் இந்த முர்தபாவுக்கே பெயர் பெற்றது. நம் ஊர்ப் பரோட்டாக் கல்லில் மாவைத் துணிபோல் வீசி விரித்து, முட்டையும் வெங்காயமும் கொத்துக்கறியும் இட்டு, நான்கு பக்கமும் மடித்துச் சுடும் லாப்பாவைப் பார்த்தால், அது முர்தபாவின் உடன்பிறப்பே என்று தோன்றும்.

இக்குடும்பத்தின் மற்றொரு கிளை மேற்கே வெகுதொலைவு சென்றது. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியத் துருக்கியில் இறைச்சி அடுக்கைச் செங்குத்தான கம்பியில் செருகித் தீயருகே சுழற்றிச் சீவும் முறை பரவியது. சுழற்றுதல் என்னும் துருக்கிச் சொல்லே அரபியில் 'ஷவர்மா' ஆனது. லெபனான், சிரியா, இராக் பகுதிகளிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் (அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்) அக்கம்பியை உடன் கொண்டுசென்றனர். 1930களில் பூப்லா நகரில் அது 'தாக்கோஸ் அராபெஸ்', அதாவது அரபு டாக்கோ, என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் மெக்சிகோ நகரில் சோள ரொட்டியும் மிளகாய்ச் சாந்தும் சேர்ந்து, 'இடையர் முறை' என்று பொருள்படும் 'அல் பஸ்தோர்' டாக்கோ உருவாயிற்று. பெயரில் இடையரும் ஆடும் இருந்தாலும், இறைச்சி ஆட்டிலிருந்து பன்றிக்கு மாறிவிட்டது.

நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பாடம் இதில் உள்ளது. உணவின் வடிவமும் பெயரும் நம் மரபைச் சேர்ந்தவையாக இருக்கலாம். உள்ளே வைக்கப்படும் பொருள் முற்றிலும் மாறியிருக்கலாம். ஷவர்மாவும் டாக்கோவும் இன்று நம் நகரங்களின் கடைகளுக்கும் வந்துவிட்டன. இளைஞர்கள் அவற்றை விரும்புவதில் வியப்பில்லை. அவை அயலார் பண்டமும் அல்ல, நம் சமோசாவின் தூரத்து உறவே. மெக்சிகோ நமக்கு மிளகாயைத் தந்தது. அரபு உலகம் மெக்சிகோவுக்குச் சுழலும் கம்பியைத் தந்தது. ஆயினும் பெயரைக் கேட்டு மயங்காமல், இறைச்சி எங்கிருந்து வந்தது, யார் அறுத்தது, எப்போது சமைத்தது என்று கேட்பது நம் கடமை.

திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்னும் சொல்லையும் இணைத்தே கூறுகிறது. ஆகுமானது என்பது முதற்சொல். தூயது, நன்மை தருவது என்பது இரண்டாம் சொல். நாம் முதற்சொல்லைக் கடைப்பலகையில் தேடுகிறோம். இரண்டாவதைத் தேட மறந்துவிடுகிறோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. சுழலும் கம்பியின் வெளிப்புறம் வெந்து, உட்புறம் வேகாமல் வெதுவெதுப்பாக நிற்பதே நோய்க்கிருமிகள் பெருகும் இடம். கூட்டம் நெரியும் பண்டிகை இரவில், வெந்ததோ வேகாததோ என்று பாராமல் சீவித் தள்ளும் அவசரம் கடைக்காரருக்கு எளிதில் வந்துவிடும்.

ஆதலால் நெரிசலில் நல்லுணவு தேடுவோர் சிலவற்றைக் கவனிக்கலாம். சீவிய இறைச்சியைக் கல்லில் மீண்டும் சூடேற்றித் தருகிறாரா என்று பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்தால் விலகிவிடுங்கள். பஜ்ஜியும் கபாபும் கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தில் இருந்தால் அது மிளகாயின் நிறமா, சாயமா என்று ஐயுறுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் கடையில் உள்ளதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டா. மஃரிபுக்கு முன்பே பொரித்துக் குவித்த கடையைவிட, கேட்டபின் பொரித்துத் தரும் கடையில் சற்றுக் காத்திருப்பது மேல்.

கடைக்காரர் பக்கத்தையும் நாம் எண்ண வேண்டும். அடுப்பருகே நிற்கும் அவரும் பலநேரங்களில் நோன்பாளியே. நெருப்பின் முன் நாவறண்டு நின்று நமக்காகப் பொரித்து, பாங்கு ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழத்தோடும் ஒரு வாய்த் தண்ணீரோடும் நோன்பு திறந்து மீண்டும் கரண்டியைப் பிடிப்பவர். சிறு வணிகர் பலருக்கு இந்த முப்பது நாள் வருமானமே பெருநாள் புத்தாடையாகவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. குறை கண்டால் பழிக்காமல் அருகழைத்து எடுத்துரைப்பதும், நல்லவர்க்கு நம் வாடிக்கையைத் தருவதுமே முறை.

பாலக்கரை ஒரே சமயத்தார் வாழும் பகுதி அன்று. சகாய மாதா ஆலயமும் பள்ளிவாசல்களும் கோயில்களும் சூழ்ந்த இடம் அது. காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வரும்போது நகரமே விழித்திருக்கும்; அன்று அவர்களும் உண்ணாநோன்பு இருப்பர். பிறைக்கணக்கின்படி ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமளான் தொடங்கும். அப்போது ஆற்றின் இருகரையிலும் இருவேறு நோன்புகளை ஒரே குளிர்காலம் காணும். அண்டை வீட்டார் நோன்பு இருக்கும் நாளில் நாமும், நாம் இருக்கும் நாளில் அவர்களும் காட்டும் மரியாதையில்தான் இந்நகரத்தின் நற்பெயர் நிற்கிறது.

இறுதியாக ஒன்று. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் அளவு மீறாதீர்கள் என்பது இறைக்கட்டளை. பகலில் பசித்திருந்து இரவில் ஐந்து கடைப் பொட்டலங்களை வாங்கி, பாதியைக் குப்பையில் இடுவது நோன்பின் நோக்கத்தையே குலைத்துவிடும். குழம்பு வைத்தால் சற்று நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். நம் முன்னோர் கஞ்சித் தேக்சாவில் செய்து வந்ததும் அதுவே. சமோசா வாங்குங்கள், லாப்பாவைச் சுவையுங்கள், பிள்ளைகள் விரும்பினால் நம்பத்தக்க இடத்தில் ஷவர்மாவும் வாங்கிக் கொடுங்கள். வாங்குவதில் ஒரு பங்கை, வாங்க இயலாத வீட்டின் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு உண்ணுங்கள். அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றருள்வானாக. ஆமீன்.