வாகன ஒலியமைப்பின் மின்வழங்கல்

வாகன ஒலியமைப்பின் மின்வழங்கல் என்பது கார், வான், பஸ், முச்சக்கரவண்டி ஆகியவற்றில் பூட்டப்படும் ஒலிக்கருவிகளுக்கு பற்றரியிலிருந்தும் ஓல்டர்னேட்டரிலிருந்தும் அளவறிந்து, பாதுகாப்பாக மின்சாரம் கொடுக்கும் முறையாகும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யத் தேவையான மின்சாரத்தைப் பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்பதே இதன் முதல் விதி. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்கு அருகே உள்ள வில்கமுவ போன்ற பிரதேசத்தில் இது உயிர்காக்கும் விடயமும்கூட. காட்டு யானைகள் கடக்கும் வீதியில், பற்றரி இறங்கிய வண்டியோடு இரவில் நிற்பது பேராபத்து.

வரலாறு

1930இல் அமெரிக்காவின் கல்வின் நிறுவனம் மோட்டோரோலா கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கால வானொலிகளுக்கு உயர் வோல்ட் மின்சாரம் வேண்டியிருந்தது; கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட்தான் இருந்தது. முதலில் தனிப் பற்றரிகளும், பின்னர் வோல்ட்டை உயர்த்தும் வைபிரேட்டரும் இந்த இடைவெளியை நிரப்பின. 1950களில் 12 வோல்ட் முறையும் டிரான்சிஸ்டரும் வந்தன. 1960களில் டைனமோவின் இடத்தை ஓல்டர்னேட்டர் பிடித்தது.

மின்சாரம் வரும் வழி

காரின் ஈய-அமில பற்றரியில் 6 கலங்கள் உள்ளன. முழுமையாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும்போது அது சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதியளவே மீதி. எஞ்சின் ஓடும்போது ஓல்டர்னேட்டர் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் தருகிறது. பாட்டுக்கான மின்சாரம் அப்போது ஓல்டர்னேட்டரிலிருந்தே வரவேண்டும். ஆனால், வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது அதன் வலு வெகுவாகக் குறைகிறது. இலங்கையில் பெருகியுள்ள ஹைபிரிட் கார்கள் பலவற்றில் ஓல்டர்னேட்டர் இல்லை; உயர் வோல்ட் பற்றரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட் பற்றரியைச் சார்ஜ் செய்கிறது. அவற்றின் செம்மஞ்சள் நிற உயர் வோல்ட் வயர்களைத் தொடவே கூடாது.

தேவையைக் கணக்கிடுதல்

அம்ப்ளிபயர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் ஒலியாவதில்லை. ஏபி வகை அம்ப்ளிபயர் அதில் ஏறத்தாழ பாதியையும், டி வகை அம்ப்ளிபயர் சுமார் 80 சதவீதத்தையும் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. 500 வாட்ஸ் தரும் டி வகை அம்ப்ளிபயர் உச்சத்தில் 625 வாட்ஸ், அதாவது 13.8 வோல்ட்டில் 45 அம்பியர் எடுக்கும். பாட்டின் ஏற்ற இறக்கத்தால் சராசரித் தேவை இதைவிடக் குறைவு; ஆயினும் வயரும் பியூஸும் உச்சத்தைத் தாங்க வேண்டும்.

வயரும் பியூஸும்

5 மீட்டர் நீளமும் 10 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செப்பு வயரில் 45 அம்பியர் ஓடினால் சுமார் 0.4 வோல்ட் இழப்பு ஏற்படும். 25 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். செப்பு முலாமிட்ட அலுமினிய வயரில் இழப்பு மேலும் கூடும். பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீட்டருக்குள் இருப்பது அவசியம். அது அம்ப்ளிபயரைவிட வயரையும் வண்டியையும் தீயிலிருந்து காப்பதற்கே இருக்கிறது. எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது தீயை அழைப்பதாகும். எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுகப் பூட்டப்பட வேண்டும்.

பஸ்களில்

பெரிய பஸ்களில் இரு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் முறை உள்ளது. 12 வோல்ட் செட்டுக்காக ஒரு பற்றரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுப்பது பரவலான தவறு. அந்தப் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகும். இறுதியில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றியைப் பூட்டுவதே சரியான வழி.

பாண் விற்கும் முச்சக்கரவண்டிகளில்

இலங்கைக் கிராமங்களில் பேத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டை ஒலித்தபடி பாண் விற்கும் ‘சூன் பாண்’ முச்சக்கரவண்டிகள் வீடுவீடாக நின்று நகர்கின்றன. இவற்றின் பற்றரி சிறியது. மெதுவான ஓட்டத்தில் சார்ஜும் குறைவு. குழல் ஸ்பீக்கர் குறைந்த மின்சாரத்தில் உரத்து ஒலிப்பதால் இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. 30 வாட்ஸ் ஏபி வகை அம்ப்ளிபயர் 4 முதல் 5 அம்பியருக்குள் இயங்கிவிடும். சாவியை அணைத்ததும் அம்ப்ளிபயரும் அணையும்படி வயரிங் செய்தால் பற்றரி தப்பும்.

வெப்பமும் பராமரிப்பும்

வறண்ட வலயத்தின் வெப்பம் ஈய-அமில பற்றரியின் ஆயுளைக் குறைக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியில் வடிநீரின் மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். ஆழமாக இறங்கிய பற்றரியை அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேற் படிந்து கொள்ளளவு குறைந்துபோகும்.

எஞ்சின் ஓடுகையில் ஒலியைக் கூட்டியதும் பற்றரி முனைகளில் வோல்ட் அளவு 13க்குக் கீழே இறங்கி நின்றால், தேவை ஓல்டர்னேட்டரின் வலுவை மீறிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கெப்பாசிட்டர் பூட்டி இதைத் தீர்க்க முடியாது: 1 பரட் கெப்பாசிட்டர், 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது, 500 வாட்ஸ் தேவையை ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரமே தாங்கும். கூடுதல் பற்றரியும் தீர்வல்ல; அதுவும் அதே ஓல்டர்னேட்டரால் சார்ஜ் செய்யப்பட வேண்டியதே. ஒலியைக் குறைப்பது, அல்லது வலுவான ஓல்டர்னேட்டரைப் பூட்டுவது என இரண்டே தீர்வுகள் உண்டு.