சப்டைட்டில் கீழே வெட்டுப்படுதா, கொம்பு இடம் மாறுதா? வீட்டு டிவிடி தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கல்யாண கேசட், காதுகுத்து வீடியோ, தாத்தா பேசிய பழைய பதிவு என வீட்டில் சேர்ந்து கிடப்பவற்றை டிவிடியாக மாற்றும்போது, கூடவே சப்டைட்டிலும் போட்டால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் பலருக்கு வரும்.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் இதற்கான தேவை கொஞ்சம் அதிகம்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பாதுகாப்புத் துறை குடியிருப்புகள் என வேலை காரணமாக வெளிமாநிலக் குடும்பங்களும் கலந்து வாழும் பகுதி இது. சம்பந்தி வீட்டார் தெலுங்கோ இந்தியோ பேசுபவர்களாக இருக்கலாம். அமெரிக்காவில் வளரும் பேரனுக்கு தாத்தா பேசும் தமிழ் பாதிதான் புரியும். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது என்றால், தமிழ்ப் பேச்சுக்கே தமிழில் சப்டைட்டில் வேண்டும்.

ஆனால் டிஸ்க்கை ரைட் செய்து முடித்து, டிவியில் போட்ட பிறகுதான் சிக்கல் தெரியவரும். கீழ்வரி பாதி வெட்டுப்படும், எழுத்துக்குப் பதில் கட்டம் வரும், 'மேளம்' என்று அடித்தது 'மளேம்' என்று தெரியும். டிவிடி-ஆர் டிஸ்க்கில் ஒருமுறை எழுதியதைத் திருத்த முடியாது. இந்தச் சிக்கல்கள் எங்கிருந்து வருகின்றன, எப்படிச் சரிசெய்வது? விரிவாகப் பார்ப்போம்.

டிவிடிக்குள் சப்டைட்டில் எப்படி இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கணினியில் நாம் தயாரிக்கும் எஸ்ஆர்டி ஃபைல் என்பது வெறும் எழுத்தும் நேரமும்தான். ஆனால் 1996-ல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி வீடியோ முறையில், சப்டைட்டில் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு வசனமும் ஒரு சின்னப் படமாக மாற்றப்பட்டு, வீடியோவின் மேல் ஒட்டப்படுகிறது.

இந்தப் படத்தில் ஒரே நேரத்தில் 4 நிறங்கள்தான் இருக்க முடியும். பின்னணியின் ஒளிபுகும் பகுதியும் அதில் ஒன்று. ஒரு டிவிடியில் அதிகபட்சம் 32 சப்டைட்டில் தடங்கள் வைக்கலாம். அதாவது தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என நான்கையும் ஒரே டிஸ்க்கில் வைத்து, ரிமோட்டில் மாற்றிக்கொள்ள முடியும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. எழுத்து படமாகிவிட்டதால், பிளேயரில் தமிழ் ஃபான்ட் இருக்கிறதா இல்லையா என்ற கவலை வேண்டாம். கணினியில் சரியாக உருவான படம் எந்த டிவிடி பிளேயரிலும் அப்படியே தெரியும். அதேபோல, கணினியில் தப்பாக உருவான படமும் எல்லா பிளேயரிலும் தப்பாகவே தெரியும்.

கோளாறு எந்தக் கட்டத்தில்?

சப்டைட்டில் நான்கு கட்டங்களைத் தாண்டித்தான் டிவி திரைக்கு வருகிறது. ஒன்று, எழுத்து ஃபைல். இரண்டு, அந்த எழுத்தைப் படமாக மாற்றும் மென்பொருள். மூன்று, அந்தப் படம் திரையில் வைக்கப்படும் இடம். நான்கு, பிளேயர் மற்றும் டிவியின் செட்டிங்.

விஎல்சி மென்பொருளில் டிவிடி ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதிலேயே எழுத்து உடைந்து தெரிந்தால் கோளாறு முதல் இரண்டு கட்டங்களில். அதில் சரியாக இருந்து டிவியில் மட்டும் வெட்டுப்பட்டால் கோளாறு மூன்றாவது அல்லது நான்காவது கட்டத்தில். இதைப் பார்க்காமல் பிளேயரை மாற்றுவதும், புது டிஸ்க் வாங்குவதும் வீண்செலவு.

எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியும் கட்டமும் வருவது ஏன்?

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால், ஃபைலைச் சேமித்த விதம் தப்பு என்று அர்த்தம். விண்டோஸ் நோட்பேடில் பல ஆண்டுகளாக 'ஆன்சி' முறைதான் இயல்பாக இருந்தது. அதில் தமிழ் எழுத்துகளைச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகுதான் நோட்பேடில் 'யுடிஎஃப்-8' இயல்பு முறையானது. பழைய கணினி என்றால், 'சேவ் ஆஸ்' கொடுத்து யுடிஎஃப்-8 முறையை நாமே தேர்வு செய்ய வேண்டும். கேள்விக்குறியாக ஒருமுறை சேமித்த ஃபைலில் இருந்து தமிழை மீட்க முடியாது. திரும்ப டைப் செய்யத்தான் வேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால், மென்பொருள் தேர்ந்தெடுத்த ஃபான்டில் தமிழ் எழுத்து இல்லை என்று பொருள். ஏரியல் போன்ற ஃபான்டை மாற்றி, விண்டோஸில் உள்ள லதா அல்லது நிர்மலா, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வருகின்றனவா? அப்படியானால் டைப் செய்தவர் பாமினி போன்ற பழைய ஃபான்டைப் பயன்படுத்தியிருக்கலாம். அதை யுனிகோடுக்கு மாற்றிக்கொண்ட பிறகே சப்டைட்டில் வேலையைத் தொடங்க வேண்டும்.

'மேளம்' ஏன் 'மளேம்' ஆகிறது?

தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன. ஆனால் யுனிகோடில் 'மே' என்பது முதலில் 'ம', அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை, எழுத்தைத் திரையில் வரையும் மென்பொருள் செய்ய வேண்டும்.

ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட சில மென்பொருள்களில் இந்த வசதி கிடையாது. அவை சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். அதனால்தான் 'பேரன்' என்பது 'பரேன்' ஆகிறது, 'மேளம்' என்பது 'மளேம்' ஆகிறது. ஃபான்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. எழுத்தை வேண்டுமென்றே தப்பு வரிசையில் டைப் செய்து சமாளிப்பதும் வேலைக்காகாது. வேறு மென்பொருளில் திறந்தால் மறுபடி உடையும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் எஸ்ஆர்டி ஃபைலைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' பகுதியில் 'வோப்சப்' போன்ற பட வடிவத்துக்கு மாற்றுவது. தமிழ் எழுத்துகள் அங்கேயே சரியான படமாகிவிடும். அந்த வடிவத்தை ஏற்கும் டிவிடி மென்பொருளில் சேர்த்தால் போதும்.

இரண்டாவது வழி, ஏஜிசப்பில் சப்டைட்டிலை அமைத்து, ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள் மூலம் வீடியோவிலேயே பதித்துவிடுவது. இதில் எழுத்து உடையாது. ஆனால் ரிமோட்டில் அணைக்கவோ மொழியை மாற்றவோ முடியாது. பாட்டிக்காக மட்டும் ஒரு டிஸ்க் என்றால் இதுவே சுலபம். ரிமோட்டில் எதையும் தேட வேண்டியதில்லை.

கீழ்வரி வெட்டுப்படுவது ஏன்?

பழைய பெட்டி டிவிகள், வரும் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மறைத்தே காட்டும். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் வழங்கப்பட்ட 14 அங்குல இலவச கலர் டிவிகளும் இந்த வகைதான். கணினித் திரை ஓரத்தை வெட்டாது என்பதால், அங்கே சரியாகத் தெரிந்த வரி பெட்டி டிவியில் காணாமல் போகும். சில எல்இடி டிவிகளிலும் ஓவர்ஸ்கேன் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும்.

இந்தியாவில் பயன்படும் பால் முறையில் டிவிடி படத்தின் அளவு 720 x 576 பிக்சல். எழுத்து எப்போதும் திரையின் நடுவில் உள்ள 80 சதவீதப் பகுதிக்குள் இருக்க வேண்டும் என்பது தொலைக்காட்சித் துறையில் நீண்டகாலமாக இருந்துவரும் விதி. கணக்குப் போட்டால், இடம் வலம் 72 பிக்சல், மேலும் கீழும் சுமார் 58 பிக்சல் விட வேண்டும். சப்டைட்டில் மென்பொருளில் 'பாட்டம் மார்ஜின்' என்ற இடத்தில் 10 அல்லது 15 என்று இருந்தால், அதை 58-க்கு மேல் மாற்றுங்கள்.

ஒரு வசனத்துக்கு இரண்டு வரி போதும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் வரிக்கு 5 அல்லது 6 சொற்களுக்கு மேல் வேண்டாம். மெல்லிய ஃபான்ட் பெட்டி டிவியில் நடுங்கும். தடித்த வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தும் கறுப்பு ஓரமும் பட்டுப்புடவை, பூமாலை எதன் மேலும் தெளிவாகத் தெரியும்.

புது டிவியில் ஜூம் செய்தால் வரி மறைகிறதே?

பழைய டிவிடி சிலவற்றில் அகலப் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்த்து, 4:3 அளவில் பதிந்திருப்பார்கள். சப்டைட்டில் கீழ்ப் பட்டையில் இருக்கும். பெட்டி டிவியில் இது அழகாகத் தெரியும். அதையே 16:9 எல்இடி டிவியில் போட்டு, பட்டை போக வேண்டும் என்று ஜூம் அழுத்தினால், மேலே 72 வரி, கீழே 72 வரி வெளியே போய்விடும். பட்டையோடு சப்டைட்டிலும் போகும்.

இப்படி டிஸ்க் தயாரிப்பவர்கள், மேலிருந்து எண்ணினால் 504-வது வரிக்கு மேலேயே சப்டைட்டிலை முடித்துவிட வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் டிஸ்க் என்றால், டிவியில் ஜூமை எடுத்துவிட்டு 4:3 வைத்துப் பார்ப்பதுதான் வழி. எச்டிஎம்ஐ இணைப்பில் ஓரம் மட்டும் வெட்டுப்பட்டால், டிவியின் பிக்சர் செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் வசதியை இயக்குங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்பும் டிஸ்க்கில் என்ன சிக்கல்?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பால் முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி முறை. அங்கே படத்தின் உயரம் 576 அல்ல, 480 பிக்சல்தான். பால் முறைக்குத் தயாரித்த சப்டைட்டில் படங்களை அப்படியே என்டிஎஸ்சி டிஸ்க்கில் சேர்த்தால், கீழே உள்ள 96 வரிகளுக்கு இடமே இருக்காது. கீழ்வரி முழுவதும் போய்விடும். வீடியோவை மாற்றும்போது சப்டைட்டிலையும் 720 x 480 அளவில் புதிதாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

வசனம் முன்னும் பின்னுமாக வருவது ஏன்?

முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால், எல்லா நேரத்தையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக இடைவெளி கூடினால், ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். நொடிக்கு 23.976 ஃபிரேம் உள்ள வீடியோவை வேகம் கூட்டி 25 ஃபிரேமில் ஓட்டினால், ஒரு மணி நேரப் படம் சுமார் 57 நிமிடம் 30 நொடியில் முடிந்துவிடும். பழைய சப்டைட்டில் இரண்டரை நிமிடம் பின்தங்கும். சப்டைட்டில் எடிட்டில் உள்ள 'சேஞ்ச் ஃபிரேம் ரேட்' இதைச் சரிசெய்யும்.

சப்டைட்டிலே வரவில்லை என்றால்?

ரிமோட்டில் 'சப்டைட்டில்' பட்டனை அழுத்திப் பாருங்கள். பல டிஸ்க்குகளில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். பட்டன் அழுத்தியும் வரவில்லை என்றால், டிஸ்க் டிவிடி வீடியோவாக எழுதப்பட்டதா, வெறும் டேட்டா டிஸ்க்கா என்று பாருங்கள். வீடியோ ஃபைலையும் எஸ்ஆர்டி ஃபைலையும் அப்படியே காப்பி செய்த டிஸ்க்கிலும் பென்டிரைவிலும், எழுத்தை வரைவது பிளேயரோ டிவியோதான். அதில் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம்தான் வரும், அல்லது ஒன்றுமே வராது.

ரைட் செய்வதற்கு முன்

முழு வீடியோவையும் மாற்றுவதற்கு முன், 5 நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க்கில் சோதனை செய்யுங்கள். அந்தத் துண்டில் கொம்பு உள்ள சொற்களும், இரண்டு வரி வசனமும் இருக்கட்டும். விஎல்சியில் ஒருமுறை, யார் பார்க்கப் போகிறார்களோ அவர்கள் வீட்டு டிவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடையில் கொடுத்துச் செய்பவர்களும் இந்தச் சோதனை டிஸ்க்கை முதலில் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. எஸ்ஆர்டி ஃபைலையும் மூல வீடியோவையும் பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ தனியாக வைத்திருங்கள். டிவிடியில் இருப்பது படம்தான் என்பதால், அதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுப்பது பெரிய வேலை. ஃபைல் கையில் இருந்தால், நாளைக்கு டிவிடி பிளேயரே இல்லாத வீட்டிலும் தாத்தா என்ன பேசினார் என்பதைப் பேரன் படித்துத் தெரிந்துகொள்ள முடியும்.