கல்லறையில் அடிக்காத மணி

'சேவ்ட் பை தி பெல்' என்ற ஆங்கிலத் தொடருக்கு ஒரு கதை சொல்வாங்க, நீங்களும் படிச்சிருப்பீங்க. அந்தக் காலத்தில் உயிர் இருக்கும்போதே சிலரைத் தவறுதலாகப் புதைத்துவிடுவார்களாம். அதனால் பிணத்தின் கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனையில், கல்லறைக்கு மேலே ஒரு மணி. உள்ளே இருப்பவர் கண் விழித்தால் இழுக்க வேண்டியதுதான். அப்படித் தப்பியவர் மணியால் பிழைத்தவர். செத்துப்போனவர் மாதிரியே இருப்பதால் அவரே 'டெட் ரிங்கர்'. கேட்க ஜோராக இருக்கு. ஆனால் இரண்டுமே கட்டுக்கதை.

பயம் மட்டும் நிஜம். 19ஆம் நூற்றாண்டில், உயிரோடு புதைபடும் அச்சம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரை ஆட்டிவைத்தது. 1844இல் எட்கர் ஆலன் போ இதை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். 1868இல் பிரான்ஸ் வெஸ்டர் என்பவர் மணி பொருத்திய சவப்பெட்டிக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார். ஆனால் அப்படி மணியடித்து எவரும் எழுந்து வந்ததாக நம்பத்தகுந்த பதிவு இல்லை.

அந்தத் தொடர் பிறந்தது குத்துச்சண்டை மேடையில். 1867இல் வெளியான குவின்ஸ்பெரி விதிகள் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்று வரையறுத்தன. விழுந்தவர் பத்து விநாடிக்குள் எழ வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடிகிற மணி அடித்துவிட்டால் ஆள் தப்பினான். அவ்வளவுதான் விஷயம். 'ரிங்கர்' குதிரைப் பந்தயத்து வார்த்தை. ஒரு குதிரையின் பெயரில், அதே மாதிரி இருக்கும் வேறொரு குதிரையை ஓடவிடும் மோசடி அது. அங்கே 'டெட்' என்றால் சாவு இல்லை. அச்சு அசல் என்று பொருள்.

சாவோடு உண்மையிலேயே சேர்ந்திருந்த மணி வேறு. கைக்கடிகாரமும் செய்தித்தாளும் இல்லாத ஊரில் அந்த இரண்டு வேலையையும் தேவாலய மணிதான் பார்த்தது. 'கிளாக்' என்ற சொல்லே மணியைக் குறிக்கும் இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் 'மணி என்ன?' என்று கேட்கிறோமே, அதே கதை. இங்கிலாந்தில் ஒருவர் சாகக் கிடக்கும்போது, கேட்பவர்கள் அவருக்காக ஜெபிக்கட்டும் என்று மணி அடிப்பார்கள். இறந்த பிறகு, பல ஊர்களில் ஆண் என்றால் மும்மூன்றாக ஒன்பது அடி, பெண் என்றால் ஆறு. அப்புறம் வயதுக்கு ஏற்ப, வருஷத்துக்கு ஒன்று. வயலில் நிற்பவர் எண்ணிக்கொண்டே வந்தால் போனது யார் என்று ஊகித்துவிடலாம்.

1623இல் கவிஞர் ஜான் டன் கடும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். யாருக்கோ அடித்த மணி அவர் காதில் விழுந்தது. அது யாருக்கு என்று ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டாம், எந்தச் சாவும் நம்மிலும் கொஞ்சம் குறைக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியது 1624இல் நூலாக வந்தது. அதிலிருந்துதான் ஹெமிங்வே 1940இல் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார். அதே 1940இல் பிரிட்டனின் தேவாலய மணிகள் வாயடைத்துப் போயின. ஜெர்மானியப் படை வந்து இறங்கினால் மட்டுமே அடிக்கலாம் என்று அரசு உத்தரவு. எல் அலமெய்ன் வெற்றிக்காக 1942 நவம்பரில்தான் அவை மறுபடி ஒலித்தன.

கட்டுக்கதையில் வரும் மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே மணியடிக்கிறான். அந்த நிஜ மணியோ, இனிக் காப்பாற்ற முடியாத ஒருவருக்காக, இன்னொருவர் இழுத்து அடித்தது. அதை ஊரே நின்று எண்ணிக் கேட்டது.